உள்ளூர் மாடு... லண்டன்லயும் விலை போகாதா?

2006-ம் வருஷம், பிப்ரவரி மாசம். லண்டனில் ‘பிரிட் அவார்ட்ஸ்’ விழா. சிறந்த பிரிட்டிஷ் பாடகர், சிறந்த பாப் கலைஞர்னு ரெண்டு விருதை ஒரே ஆள் அள்ளிக்கிட்டுப் போறார். பேரு, ஜேம்ஸ் பிளன்ட்.

அதே மாசம், இன்னொரு விழா. ‘என்.எம்.இ.’ங்கிற மியூஸிக் வாரப் பத்திரிகை நடத்தியது. அங்கேயும் நம்ம ஆளுக்கு ஒரு பட்டம் காத்திருந்தது. என்ன பட்டம்னு கேக்கறீங்களா? ‘வருஷத்தின் மோசமான ஆல்பம்!’

கதை இன்னும் முடியலை பாஸ். மார்ச்சில் அவரோட ‘யூ ஆர் பியூட்டிஃபுல்’ பாட்டு அமெரிக்க பில்போர்டு லிஸ்ட்டில் நம்பர் ஒன். 1997-ல் எல்டன் ஜான் தொட்டதுக்கு அப்புறம் எந்த பிரிட்டிஷ் கலைஞரும் தொடாத இடம் அது! ஊரே மேளம் அடிச்சுக் கொண்டாடியிருக்கணும் இல்லையா? ம்ஹூம்... கொஞ்ச நாளில், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதி ரேடியோ ஸ்டேஷன் ஒண்ணு, நேயர்களுக்குச் சலிச்சுப் போச்சுன்னு சொல்லி அந்தப் பாட்டையே தூக்கிடுச்சு.

‘உள்ளூர் மாடு விலை போகாது’னு நம்ம ஊர்ல சொல்வாங்க. ஆனா, இங்கே மாடு விலை போயிருக்கு. அந்த ஆல்பம் ‘பேக் டு பெட்லாம்’ பிரிட்டனில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேல வித்திருக்கு. 2000-ல் ஆரம்பிச்ச பத்தாண்டில் அந்த நாட்டில் அதிகம் வித்த ஆல்பமே அதுதான். அப்புறம் ஏன் திட்டறாங்க? வித்ததுதான் பிரச்னையே!

நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்க!

இன்ஜினீயரிங் மக்களே, கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கோங்க. ஜேம்ஸ் பிளன்ட், பிரிஸ்டல் யுனிவர்சிட்டியில் சேர்ந்தது ஏரோஸ்பேஸ் மேனுஃபேக்சரிங் இன்ஜினீயரிங்குக்கு. பாதியில் சோஷியாலஜிக்குத் தாவிட்டார் (புத்திசாலி!). ராணுவம் கொடுத்த பணத்தில் படிச்சதால், முடிச்சதும் ராணுவத்தில் வேலை. 1999-ல் கொசோவோவுக்குப் போன படையில் இவரும் ஒரு அதிகாரி. டாங்கியில் கிடாரைக் கட்டிக்கிட்டுப் போன ஆளு!

இப்படி ஒரு பிளாஷ்பேக் இருந்தா நம்ம ஊர்ல ஓப்பனிங் ஸாங்கே வெச்சிருப்பாங்க. ஆனா, பிரிட்டனில் வேற ஒரு விஷயம்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. அவர் படிச்ச ஸ்கூல். ஹாரோ! சர்ச்சிலும் நேருவும் படிச்ச, பணக்காரப் பசங்களோட ஸ்கூல்.

அந்த ஊர்ல வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினாலே, நீங்க எந்த வர்க்கம்னு பெரும்பாலும் கண்டுபிடிச்சுடுவாங்க. ராக் மியூஸிக்னா அது கஷ்டப்படற வீட்டிலிருந்து வரணும்ங்கிறது எழுதப்படாத சட்டம். பீட்டில்ஸ் வந்தது லிவர்பூல் துறைமுகத்திலிருந்து. பர்மிங்ஹாமின் ‘பிளாக் சபாத்’ கிடாரிஸ்ட் டோனி அயோமி, தகரப் பட்டறையில் மெஷினில் விரல் நுனியை இழந்தவர். அந்த ஊர்ல வியர்வைதான் சர்ட்டிஃபிகேட்.

1995 ஆகஸ்ட் 14... ‘பிளர்’, ‘ஒயாசிஸ்’னு ரெண்டு பேண்டும் ஒரே நாளில் பாட்டு ரிலீஸ். பத்திரிகைகள் அதை வெறும் பாட்டுப் போட்டியா எழுதலை. தெற்கத்தி நடுத்தர வர்க்கம் வெர்சஸ் மான்செஸ்டர் உழைக்கும் வர்க்கம்னு யுத்தமாவே எழுதித் தள்ளினாங்க! 2,74,000-க்கு 2,16,000-னு ‘பிளர்’ ஜெயிச்சது. ஆனா, அடுத்து வந்த ஆல்பத்தில் ‘ஒயாசிஸ்’தான் உலகம் சுத்துச்சு.

இந்தச் சண்டை பாராளுமன்றம் வரைக்கும் போயிருக்கு. கலைத்துறையில் வசதியான வீட்டுப் பசங்கதான் ஆட்டம் போடறாங்கன்னு 2015-ல் லேபர் கட்சி எம்.பி. கிறிஸ் பிரையன்ட் சொன்னப்போ, உதாரணத்துக்கு இழுத்த பேர்களில் ஒண்ணு ஜேம்ஸ் பிளன்ட். அவர் சும்மா விடுவாரா? காரசாரமா ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி பதிலடி கொடுத்தார். ஒரு பக்கம் பார்த்தா, எம்.பி. கேட்டதிலும் நியாயம் இருக்கு. கிடார் வாங்க, ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம பேண்ட் நடத்த யார் வீட்டுல காசு இருக்கும்? ஆனா, சிஸ்டம் மேல வர்ற கோபம் ஒரு பாட்டுக்காரன் தலையில் விழும்போது, அவனோட பாட்டை யாரும் கேக்கறதே இல்லை.

சின்ன ஊரு... ஒரே ரேடியோ!

அடுத்த காரணம் ரொம்ப சிம்பிள். அமெரிக்கா பெரிய நாடு. கன்ட்ரி மியூஸிக்குக்கு ஒரு ஸ்டேஷன், ராக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனி. பிடிக்காத பாட்டைக் கேக்காமலே வாழ்ந்துடலாம். பிரிட்டன் அப்படி இல்லை. 1967-லிருந்து பி.பி.சி. ரேடியோ 1. 1964 முதல் 2006 வரைக்கும் வாராவாரம் டி.வி-யில் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’. மொத்த நாடும் ஒரே பாட்டைத்தான் கேட்டாகணும். கல்யாண மண்டபத்தில், சூப்பர் மார்க்கெட்டில், பக்கத்து வீட்டு ஜன்னலில்... காது புளிச்சுடாதா? அந்தப் பாட்டை அளவுக்கு மீறித் திணிச்சுட்டாங்கன்னு பிளன்ட்டே பின்னாளில் பேட்டியில் ஒப்புக்கிட்டார்.

இந்த வியாதியின் உச்சகட்டம் 2017 மார்ச். எட் ஷீரனோட ‘டிவைட்’ ஆல்பத்தில் மொத்தம் 16 பாட்டு. பதினாறும் ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் டாப் 20-க்குள்ள! கடைசியில், ஒரு ஆர்ட்டிஸ்ட்டுக்கு மூணு பாட்டுக்கு மேல லிஸ்ட்டில் இடமில்லைன்னு அதே வருஷம் ரூல்ஸையே மாத்தினாங்க. அதே வருஷம் கிளாஸ்டன்பரி விழாவில், லூப் பெடலை மிதிச்சு ஒத்த ஆளா கச்சேரி பண்ணினார் ஷீரன். ‘ரெக்கார்டு பண்ணினதை ஓட விடறான்யா’னு ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. அது மேடையிலேயே வாசிச்சு, அங்கேயே பதிவாகி, அங்கேயே திரும்ப ஓடற டெக்னிக்னு மனுஷன் விளக்கம் கொடுக்க வேண்டியதாப் போச்சு. பாவம்!

இதோட அந்த வாரப் பத்திரிகைகளையும் சேர்த்துக்கோங்க. வாரம் ஒரு புது ஹீரோ வேணும். புது ஹீரோ வரணும்னா பழைய ஹீரோ ஸீட்டைக் காலி பண்ணணும். ‘ஏத்தி விடு, இறக்கி விடு’ங்கிறது அங்கே ஒரு பொழைப்பாவே நடந்திருக்கு.

அவன் எங்க ஆளா இருந்தானே!

மூணாவது காரணம்தான் எனக்கு உறைச்சது. ஒரு பேண்டு சின்னதா இருக்கறப்போ கண்டுபிடிச்ச ரசிகனுக்கு, அது சொத்து மாதிரி. ஊரே கேக்க ஆரம்பிச்சா சொத்து பறிபோன ஃபீலிங். ‘கோல்ட்ப்ளே’ லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஹாஸ்டல் பசங்க ஆரம்பிச்சது. (பேஸ் கிடாரிஸ்ட் கை பெர்ரிமேனும் இன்ஜினீயரிங்கில் சேர்ந்து ஓடினவர்தான். என்னமோ சொல்ல வர்றாங்க, நமக்குத்தான் புரியலை!) 2000-ல் இவங்க முதல் ஆல்பம் வந்தப்பவே, ‘ஒயாசிஸ்’ஸை அறிமுகப்படுத்தின ஆலன் மெகீ, படுக்கையை நனைக்கிற பசங்களுக்கான மியூஸிக்னு கிழிச்சுட்டார். அதுக்கப்புறம் ‘கோல்ட்ப்ளே பிடிக்கும்’னு வெளியில சொல்றதே வெட்கம்னு ஆயிடுச்சு. ஆனா, கிளாஸ்டன்பரியில் அஞ்சு தடவை தலைமைக் கச்சேரி பண்ணின ஒரே பேண்டு இவங்கதான். 2025-ல் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் பத்து ராத்திரி! வாங்கறவன் சத்தமில்லாம டிக்கெட் வாங்கறான். திட்டறவன் சத்தமா திட்டறான். நமக்குக் கேக்கறது சத்தம் மட்டும்தான்.

இதில் தப்பிக்க பிளன்ட் கண்டுபிடிச்ச வழி செம. தன்னைத் திட்டி ட்விட்டரில் எழுதினவங்களுக்கு, தன்னைத்தானே இன்னும் மோசமா கலாய்ச்சு பதில் போட்டார். திட்டின ஊரே கை தட்டுச்சு. 2020-ல் அந்தப் பதில்களே புத்தகமா வந்துடுச்சு! பிரிட்டனில் ஜெயிக்கலாம், ஜெயிச்சதைப் பெருமையாச் சொல்லிக்கத்தான் கூடாது. ஃபில் காலின்ஸ் மாதிரி ஒரு ஜாம்பவான், இவ்வளவு ஹிட் கொடுத்ததுக்கு ஸாரிங்கிற தொனியில் 2011-ல் பேட்டி கொடுத்தார்னா பார்த்துக்கோங்க.

சிரிப்பு நின்ன இடம்

எல்லாராலும் இப்படிச் சிரிச்சுட்டுப் போக முடியுமா? ஏமி வைன்ஹவுஸ்... 2008 பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் அஞ்சு கிராமி வாங்கின பொண்ணு. பிரிட்டிஷ் பெண்களில் அதுவரைக்கும் யாரும் செய்யாத சாதனை. ஆனா, ஊர்ப் பத்திரிகைகளுக்கு வேண்டியிருந்தது அவங்க தடுமாறி நடக்கற போட்டோ. டி.வி. காமெடியன்களுக்கு அவங்க போதைப் பழக்கம் ஒரு ஜோக். 2011 ஜூலை 23, அளவு மீறின குடியால் 27 வயசில் செத்துப்போனாங்க. கேலிதான் கொன்னுச்சுன்னு நான் சொல்லலை. அது ஒரு நோய். ஆனா, நோயில் விழுந்து கிடந்த ஒருத்தரைப் பார்த்து ஒரு நாடே சிரிச்சது. 2015-ல் வந்த ‘ஏமி’ டாகுமென்ட்டரியில் அந்த ஜோக்குகளை மறுபடி பார்க்கறப்போ ஒண்ணுக்கும் சிரிப்பு வரலை.

அதே சமயம், இந்தக் குத்தல் குணத்தை முழுசா வெறுக்கவும் முடியலை. யாரையும் ரொம்ப நாள் சிம்மாசனத்தில் உட்கார விடாததால்தான், பங்க், பிரிட்பாப், கிரைம்னு அந்தச் சின்னத் தீவிலிருந்து புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கு. பாட்டைத் திட்டுங்க, தப்பே இல்லை. திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடணும். அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிடறேன். ஹாஸ்டலில் ஜேம்ஸ் பிளன்ட்டை ஓட்டினதில் நானும் ஒருத்தன். தெரிஞ்சது ஒரே ஒரு பாட்டு. இந்தக் கட்டுரைக்காகத்தான் அந்த ‘மோசமான ஆல்பத்தை’ முதல் தடவையா முழுசாக் கேட்டேன். ‘யூ ஆர் பியூட்டிஃபுல்’ அதில் ரெண்டாவது பாட்டு. பத்தாவது, கடைசிப் பாட்டு ‘நோ பிரேவரி’. கொசோவோவில் பார்த்த சாவுகளைப் பத்தி, அங்கே இருந்தப்பவே அந்த ராணுவ அதிகாரி எழுதினது.

கேட்டு முடிச்சப்போ மணி ராத்திரி ரெண்டு. ரூம்மேட்டை எழுப்பி, ஒரு காதில் ஹெட்போனை மாட்டி விட்டேன். ‘யாருடா இது?’ன்னான். பேரைச் சொல்லாம, ‘கேளு... அப்புறம் சொல்றேன்’னேன்!