வெற்றிலைச் சிவப்புக்குள் மறைவது

துணுக்காய்ப் பக்கம் பிள்ளை சுவிங்கம் சப்பினால் வீட்டில் ஏச்சு விழும்: "பல் சூத்தையாப் போகும், துப்பு!" ஏசுகிற அம்மம்மாவின் கன்னத்துக்குள் காலையில் அடக்கிய வெற்றிலை இன்னும் இருக்கும்.

அவர் சொல்வது சரிதான். வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்கும். அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். ஆனால் சூத்தையை அடைக்கலாம், முடியாவிட்டால் பல்லைப் பிடுங்கலாம். பாக்கு செய்கிற கேடு அவ்வளவோடு நிற்பதில்லை.

வெற்றிலை போட்டால் பல் உறுதியாகும் என்று நம்புகிறவர்கள் பலர். நடப்பது வேறு. வருடக்கணக்கில் பாக்கை அரைத்து அரைத்துக் கொடுப்புப் பற்களின் மேடுகள் தட்டையாகின்றன. மேற்பூச்சு தேய்ந்ததும் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசும். பல்லடியில் காரை படியும், முரசு கீழிறங்கும், வேர் தெரியும், பல் ஆடும். பல் விழுந்த பிறகும் பழக்கம் விடுவதில்லை. வெற்றிலையைச் சிற்றுரலில் இடித்துக் கொடுக்கிறோம்.

பல்லைவிடப் பெரிய ஆபத்து கன்னத்தின் உட்தோலில் இருக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் அந்தத் தோலுக்கடியில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. முதலில் உறைப்புக் கறி வாயில் வைத்தால் எரியும். பிறகு தோல் வெளிறி விறைக்கும். வாய் சிறிது சிறிதாகத் திறக்க மறுக்கும். இறுகிய வாய், பழக்கத்தை விட்டாலும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இந்த நோய் சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறுகிறது.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை" என்பது பலர் சொல்லும் ஆறுதல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீடு அந்த ஆறுதலுக்கு இடம் வைக்கவில்லை: புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும், பாக்கு தனியாகவும் உண்டாக்கும். புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை கலந்த மெல்லும் பொருட்களின் விற்பனையை அரசாங்கம் 2016இல் தடை செய்தது. வெறும் வெற்றிலையும் பாக்கும் அந்தத் தடைக்குள் வரவில்லை. அதனால் நம்மை நாமேதான் காக்க வேண்டும்.

வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் நோவதில்லை என்பதுதான் பயங்கரம். வெற்றிலைச் சிவப்பு அதை மறைத்தும் விடும். ஆகவே வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடி முன் நின்று பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்கடி, உதட்டின் உட்பக்கம். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை இருக்கிறதா? இரண்டு கிழமையாகியும் ஆறாத புண் உண்டா? மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்க முடிகிறதா? ஐயம் ஒன்று வந்தாலும் வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மல்லாவி ஆதார வைத்தியசாலைக்குப் போய் வாயைக் காட்டுங்கள். நேரத்தோடு பிடித்தால் சிறு சிகிச்சையோடு தப்பலாம். பிந்தினால் தாடையையே வெட்ட நேரிடும்.

தட்டத்தில் வெற்றிலை வைத்து வரவேற்பது நம் மரியாதை. அதை விடச் சொல்லவில்லை, சப்புவதை விடுங்கள். குறைந்தது பிள்ளையின் கையில் பாக்குச் சீவலைக் கொடுக்காதீர்கள்.

இன்று பின்னேரம் அம்மம்மா வாயைத் திறக்கட்டும். சுவிங்கத்துக்கு ஏச்சு வாங்கிய பேரப்பிள்ளையே ரோச் லைற்றைப் பிடிக்கட்டும்.