டயாலிசிஸ்: பக்கத்து பெட்காரர் சொல்வதில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

கல்மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் டயாலிசிஸுக்கு வாரத்துக்கு 2 அல்லது 3 முறை படுக்கணும், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். அவ்வளவு நேரமும் கூட இருப்பது யார்? பக்கத்து பெட்காரர்தான்.

டாக்டர் "தண்ணியைக் குறைங்க" என்பார். எப்படிக் குறைப்பது என்பதைப் பல வருஷம் குறைத்தவர்தான் சொல்வார். சின்ன டம்ளருக்கு மாறுங்க, ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கோங்க (அதுவும் தண்ணீர்க் கணக்கில் வரும்). ஃபிஸ்டுலா போட்ட கையில் பிபி பார்க்க விடாதீங்க, வெயிட் தூக்காதீங்க. காசிமேட்டில் மீன் கூடை தூக்குபவருக்கு இது வேலையையே மாற்றச் சொல்வது மாதிரி. "உடம்புக்கு நல்லது" என்று உறவினர் நீட்டும் இளநீரில் பொட்டாசியம் அதிகம், அது இதயத் துடிப்பையே பாதிக்கலாம். யார் மனசும் நோகாம அதை மறுப்பது எப்படி என்பதும் அனுபவஸ்தருக்குத்தான் தெரியும்.

ஹைதராபாத்தின் கமல் ஷாவுக்கு 1997-ல் சிறுநீரகம் செயலிழந்தது. டயாலிசிஸில் இருந்துகொண்டே நெஃப்ரோபிளஸ் டயாலிசிஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். முதல் வாரத்தில் 'எல்லாம் முடிஞ்சுது' என்று நினைப்பவருக்கு, மருத்துவப் புத்தகத்தை விட இப்படி ஒரு ஆளைத் தெரிந்திருப்பது பெருசு.

வயிற்றுக் குழாய் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்தத் துணை இல்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. அலைச்சல் மிச்சம்தான், ஆனா பேச ஆள் கிடையாது. இவர்கள் செக்கப்புக்குப் போகும்போது, இதே சிகிச்சையில் இருக்கும் ஒருவரிடம் சம்மதம் கேட்டு அறிமுகப்படுத்தும்படி நர்ஸிடமோ டெக்னீஷியனிடமோ கேட்கலாம். 1993 முதல் சென்னையில் இயங்கும் டேங்கர் ஃபவுண்டேஷன் போன்ற சிறுநீரக அறக்கட்டளைகளிடமும் விசாரிக்கலாம்.

எதைக் கேட்கக் கூடாது? மாத்திரை அளவு, 'ஒரே மாசத்தில் கிரியாட்டினைன் இறங்கும்' கஷாயம், டயாலிசிஸை நிறுத்தச் சொல்லும் யோசனை. இதெல்லாம் டாக்டர் வேலை.

இன்னொன்று, "எனக்கு ஒரு ஆளைத் தெரியும், கிட்னி ஏற்பாடு பண்ணுவார்" என்ற பேச்சு. சுனாமியில் எல்லாம் இழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் புரோக்கர்களிடம் சிறுநீரகம் விற்றது 2007-ல் அம்பலமானது. கல்மண்டபத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். 1994 சட்டப்படி வாங்குவதும் விற்பதும் குற்றம். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்குக் காத்திருக்க நேரான வழி, மருத்துவமனை மூலம் டிரான்ஸ்டான் பட்டியலில் பதிவது. அதற்கு என்னென்ன டெஸ்ட் என்பதை ஏற்கெனவே பதிந்தவரிடம் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம்.