அட்டைக்கடியும் பிளாஸ்டிக் குழாயும்

கண்ணுக்கு எட்டாதவை – 9

தென்மேல் பருவக்காற்று இறங்கிவிட்டால் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா மலைகளில் அட்டைக்காலம்தான். கொழுந்து எடுக்கும் பெண்கள் காலில் சவர்க்காரத்தையோ உப்பையோ தேய்த்துக்கொண்டு மலை ஏறுவார்கள். 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிய ரொபர்ட் நொக்ஸ், தேசிக்காயையும் உப்பையும் துணியில் முடிந்து கம்பு நுனியில் கட்டி, நடக்கிற வழியெல்லாம் காலில் தட்டிக்கொண்டே போவார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை இருக்கிறது. நாள் முழுக்கச் செடிகளுக்குள் நிற்கிறவர்களுக்கு அது ஏன் வேலைக்கான உடுப்பாகவே கொடுக்கப்படக்கூடாது? அட்டையிலிருந்து வந்த மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேட்டுவிடவேண்டும் என்று தோன்றியது.

அட்டையை இழுத்துப் போட்ட பிறகும் இரத்தம் நிற்காது. புகையிலையை வைத்து அழுத்தினாலும் கசிந்துகொண்டே இருக்கும். அதே இரத்தம், டயாலிசிஸ் செய்யும்போது சுத்தமான பிளாஸ்டிக் குழாய்க்குள் போனதும் உறையப் பார்க்கிறது. காயமான தோலில் உறைய மறுப்பது காயமே இல்லாத குழாயில் ஏன் உறைகிறது?

பாடப்புத்தகம் பல்பகுதியம் என்று சொல்லும் பிளாஸ்டிக்குகளில் பல, எண்ணெயைப் போலத் தண்ணீரோடு சேராதவை. புரதமோ தண்ணீரை வெறுக்கும் பகுதிகளை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு இரத்தத்தில் மிதக்கிறது. பிளாஸ்டிக்கில் மோதியதும் அந்த மடிப்பு தளர்கிறது. உள்ளே இருந்தது வெளியே வந்து பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொள்ள, நடுவில் இருந்த தண்ணீர் மூலக்கூறுகள் விலகுகின்றன. பல இடங்களில் ஒட்டிய பிறகு அதைப் பிரிப்பது கஷ்டம். இரத்தம் பட்டுச் சில நொடிகளுக்குள் குழாயின் உட்சுவர் புரதப் பூச்சாகிவிடும். அதற்குப் பிறகு இரத்தம் தொடுவது பிளாஸ்டிக்கை அல்ல, அந்தப் பூச்சைத்தான்.

இந்தப் பூச்சு நிலையானதும் அல்ல என்று காட்டியவர் லியோ வ்ரோமான். நெதர்லாந்தில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிறைமுகாம்களில் கிடந்தவர், இரத்த ஆய்வாளர், டச்சு மொழியின் பேர்போன கவிஞரும்கூட. 1960களில் அவர் தொடங்கிய ஆய்வுகளின் முடிவு இது: இரத்தத்தில் அதிகமாக இருக்கும் சிறிய அல்புமின் முதலில் வந்து ஒட்டும், பிறகு பைபிரினோஜன் அதைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும், பைபிரினோஜனையும் இன்னொரு புரதம் பெயர்க்கும். ஹட்டன் பஸ்ஸில் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பிடித்த சீட்டில், பின்னால் வரும் பெரியவர்கள் அவர்களை எழுப்பிவிட்டு உட்காருவதைப் போல.

விபரீதம் பைபிரினோஜனில் இருக்கிறது. ஏறக்குறைய 45 நனோமீற்றர் நீளமுள்ள இந்தப் புரதத்தை, ஓடும் இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் கவனிக்காமல் கடந்துபோகும். பிளாஸ்டிக்கில் படிந்து உருமாறினால், மறைந்திருந்த பகுதிகள் வெளியே தெரிகின்றன. சிறுதட்டுகள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. த்ரொம்பின் என்ற நொதி பைபிரினோஜனை வெட்டி நாராக்குகிறது. இரத்தம் கட்டியாகிறது.

அட்டை மடக்குவது அந்த த்ரொம்பினைத்தான். மருத்துவ அட்டையின் உமிழ்நீரில் உறைதலைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருப்பதை 1884இல் ஹேக்ராஃப்ட் என்ற ஆய்வாளர் கண்டார். பின்னாளில் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. 1950களில் ஜெர்மனியில் மார்க்வார்ட் என்ற ஆய்வாளர் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். 65 அமினோ அமிலங்கள் மட்டுமே உள்ள சின்னப் புரதம். ஒரு முனையை த்ரொம்பினின் வெட்டும் வாய்க்குள் நுழைக்கும், மறுமுனையால் அதன் பக்கவாட்டைப் பற்றும். நம் மலை அட்டையின் பேரினமான ஹீமாடிப்ஸாவைச் சேர்ந்த இன்னொரு அட்டையிலிருந்து 1993இல் ஹீமாடின் என்ற இன்னொரு த்ரொம்பின் தடுப்புப் புரதம் கிடைத்தது. அதில் இருப்பது 57 அமினோ அமிலங்கள். 2000இல் அதன் உருவத்தைப் பார்த்தபோது, அதன் வால் த்ரொம்பினில் ஹிருடின் பற்றும் இடத்தை விட்டுவிட்டு, ஹெபரின் என்ற உறைதடுப்பு மருந்து ஒட்டும் இடத்தைப் பிடித்திருந்தது. ஒரே எதிரியை இரண்டு வகை அட்டைகள் வெவ்வேறு இடத்தில் பிடித்து மடக்குகின்றன. இதை வாசித்த அன்று எனக்கு அட்டைமேல் இருந்த அருவருப்பில் பாதி போய்விட்டது.

ஹிருடினைப் பார்த்து உருவாக்கிய பிவாலிருடின் இன்று இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையில் பயன்படுகிறது. டயாலிசிஸில் பெரும்பாலும் ஓடுவது பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெபரின்தான். அது உடல் முழுக்கச் சுற்றுவதால் வேறெங்காவது இரத்தக்கசிவு வரலாம். அதனால்தான் ஹிருடினைக் குழாய்ச் சுவரிலேயே பதிக்க ஆய்வுகூடங்களில் முயல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் ஹிருடினும் ஒரு புரதம். பிளாஸ்டிக்கில் நேராகப் படிந்தால் அதன் மடிப்பும் தளரலாம், பிடிக்கவேண்டிய முனை சுவர்ப்பக்கம் திரும்பிவிடலாம், அல்புமின் மேலே வந்து மூடிவிடலாம். ஆகவே தண்ணீரை இழுத்துவைத்துக்கொள்ளும் பொலிஎதிலீன் கிளைக்கோல் இழைகளை முதலில் சுவரில் நட்டு, அவற்றின் நுனியில் ஹிருடினைக் கட்டிப் பார்க்கிறார்கள். மற்றப் புரதங்கள் அந்த ஈர இழைகளைத் தாண்டிச் சுவரை எளிதில் தொட முடியாது, ஹிருடினுக்கும் திரும்பிப் பிடிக்க இடம் கிடைக்கும்.

அடுத்த வாரம்: பால் ஊற்றியதும் தேத்தண்ணியின் துவர்ப்பு எங்கே போகிறது?