கண்ணொளி குன்றியோரும் நம் கூட்டுறவுச் சங்கங்களும்

பௌர்ணமி தோறும் அருணாசலத்தை வலம்வரும் அன்பர்கள், 14 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கிரிவலப் பாதையின் ஓரத்தில் அமர்ந்து பாடுகின்ற பார்வையற்ற சகோதரர்களைக் கண்டிருப்பர். ஒருவர் ஆர்மோனியத்தை மடியில் வைத்திருப்பார். மற்றொருவர் கற்பூரமும் ஊதுவத்தியும் விற்றுக்கொண்டிருப்பார். விரித்த துணியில் ஒரு நாணயத்தை இட்டுவிட்டு நாம் அடுத்த லிங்கத்தை நோக்கி நடந்துவிடுகிறோம். இவர் எந்த ஊரார், முன்னர் என்ன தொழில் செய்தார், கண்ணை எவ்வாறு இழந்தார் என்று நின்று வினவுவோர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் தறிக்குழியிலிருந்தோ ஏர்க்காலிலிருந்தோ வந்தவராக இருக்கலாம் என்னும் எண்ணம் நம் சங்க அங்கத்தினர்க்குத் தோன்றுதல் வேண்டும்.

ஆரணிப் பக்கத்தில் எமக்கு அறிமுகமான பட்டு நெசவாளர் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் குழித்தறியில் இருந்தவர். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தபின், அறுந்த பாவிழையைப் பிணைப்பதற்கு மருமகளை அழைக்கத் தொடங்கினார். பின்னர்க் கரையில் பிசகு வந்தது. புட்டா ஓரிழை தள்ளி விழுந்தது. அவர் நெய்து கொடுத்த சங்கத்தில் குறைத்துணி என்று கூலியைப் பிடித்தனர். மூன்றாம் முறை பிடித்தபொழுது அவர் தறியைவிட்டு எழுந்து, திண்ணையில் அமர்ந்துவிட்டார். "வயதாகிவிட்டது, ஐயா; கண் போய்விட்டது" என்றார். இரண்டாண்டுகள் அவ்வாறே கழிந்தன. அடுத்த ஊரில் நடந்த கண் சிகிச்சை முகாமுக்குப் பேரன் வற்புறுத்தி அழைத்துச் சென்ற பின்னரே, அது வெறும் கண்புரை என்பது தெரிந்தது. அறுவை செய்து செயற்கை வில்லை பொருத்தினார்கள். இன்று அவர் மீண்டும் தறியில் இருக்கிறார். துணியிலே குறை கண்டவர்களுள் ஒருவரேனும் கண்ணிலே குறை இருக்கக்கூடும் என்று சொல்லியிருந்தால், அக்குடும்பத்திற்கு இரண்டாண்டுக் கூலி மிஞ்சியிருக்கும். சங்கத்தார் கெட்டவர்கள் அல்லர். அவர்கட்கு அது தோன்றவில்லை, அவ்வளவே.

இது தனியொருவர் கதையன்று. 2015 முதல் 2019 வரை நம் நாட்டில் எடுக்கப்பெற்ற பார்வையிழப்புக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே காணும் பார்வையின்மையில் நூற்றுக்கு 66 பங்குக்குக் காரணம் கண்புரையே. அதாவது, குருடர் என்று நாம் இரங்கும் முதியோர் மூவரில் இருவர் மருத்துவத்தால் பார்வை பெறத்தக்கவர். மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976 ஆம் ஆண்டு தொடங்கிற்று. அரசு மருத்துவமனைகளிலும், அரசுடன் இணைந்து பணியாற்றும் தரும மருத்துவமனைகள் நடத்தும் முகாம்களிலும் கண்புரை அறுவை இலவசமாகவே செய்யப்படுகின்றது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள், முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன நிலையிலும், ஆயிரமாயிரம் அறுவைகள் செய்து, அதே 1976 இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதை நேயர்கள் அறிவர்.

உழவர்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. நெல் அறுப்பிலும் நிலக்கடலை அடிப்பிலும் சருகோ உமியோ முள்ளோ கண்ணில் பட்டுக் கருவிழியில் கீறல் விழுகிறது. அக்கீறலில் பூஞ்சைக் கிருமி புகுந்து புண்ணாகிவிட்டால், கண்புரையைப்போல் எளிதில் தீர்வதில்லை. ஆறினாலும் கருவிழியில் பூ விழுந்து பார்வை மறைகின்றது. இலைச்சாறும் தாய்ப்பாலும் ஊற்றிப் பார்ப்பது நம் கிராமங்களில் இன்னும் நின்றபாடில்லை. அவ்வாறு ஊற்றுவது புண்ணுக்கு மேலும் கிருமியை ஊட்டுவதாகும். கண்ணில் தூசு பட்டுச் சிவந்து வலித்தால், அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம்.

இனி, மருத்துவத்தாலும் ஒளி மீளாதவர்களைப் பற்றிப் பேசுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில், பார்வைக் குறைபாடு உடையோராக நாடெங்கும் எண்ணப்பட்டோர் 50 இலட்சத்திற்கு மேற்பட்டவர். இவர்கள் யாவரும் பிறர் கையை எதிர்பார்த்தே வாழவேண்டுமோ?

திருவாரூர்த் தண்டியடிகள் வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். பிறவியிலேயே பார்வையற்ற அவ்வடியார், கோயில் திருக்குளத்தைத் தாமே தோண்டிப் பெருக்க எண்ணினார். குளத்தினுள்ளே ஒரு கம்பமும் கரைமேல் ஒரு கம்பமும் நட்டு, இரண்டிற்கும் இடையே கயிற்றைக் கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணைக் கூடை கூடையாகக் கரையேற்றினார். பக்திக் கதையாகவே நாம் இதைக் கேட்டு வந்திருக்கிறோம். ஆயினும், தொழிற்பயிற்சி தருவோர் இதனை நுட்பமாகக் கவனித்தல் நன்று. வீட்டிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து பாத்திக்கும் வழிக்கயிறு கட்டிப் பழக்குவது, கிராமங்களில் பார்வையற்றோர்க்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் ஊழியர்கள் இன்றும் கையாளும் முறைதான். பார்வையற்றவர் வேளாண்மை செய்ய இயலாது என்போர்க்கு வேறொரு சான்றும் உண்டு. குஜராத் மாநிலத்துப் பன்ஸா என்னும் ஊரில், டாட்டா அறநிதியின் துணையோடு, 1960 ஆம் ஆண்டு முதல் பார்வையற்றோர்க்கென்றே ஒரு வேளாண் பயிற்சி நிலையம் நடந்து வருகின்றது. நம் மதுரையிலும் டாக்டர் வெங்கடசாமி அவர்களின் முயற்சியால் 1966 இல் பார்வையற்றோர் மறுவாழ்வு நிலையம் ஒன்று தோன்றிற்று.

கல்வித்துறையில் தமிழகம் பிந்தியதன்று. இந்தியாவின் முதற் பார்வையற்றோர் பள்ளி 1887 இல் அமிர்தசரசில் அமைந்தது. மூன்றே ஆண்டுகளில், 1890 இல், ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக 1943 இல் டேராடூனில் தொடங்கிய விடுதியே வளர்ந்து, இன்று தேசிய நிறுவனமாக விளங்குகின்றது. அதன் கிளை சென்னையை அடுத்த பூவிருந்தவல்லியில் இருக்கிறது. பார்வையற்றோர்க்கான அரசு மேல்நிலைப்பள்ளியும் அவ்வூரில் உண்டு. புடைத்த ஆறு புள்ளிகளால் எழுத்தமைக்கும் பிரெயில் முறையை இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக்கிப் பாரதி பிரெயில் என்று 1951 இல் ஏற்றுக்கொண்டனர். அம்முறையை வகுத்த லூயி பிரெயில், தோல் தைக்கும் தந்தையின் பட்டறையில் ஊசி குத்திக் கண்ணிழந்த பிள்ளை. கைத்தொழில் செய்வோர் வீடுகளில் சிறுவர்க்கு எட்டும்படி கருவிகளைப் போட்டு வைத்தலாகாது என்பதையும் இவ்விடத்தே சொல்லிவைப்போம்.

பிரம்பு நாற்காலி பின்னுதல், கால்மிதி நெய்தல், கயிறு திரித்தல், நூற்கட்டுதல் ஆகியவை நெடுநாளாகப் பார்வையற்றோர்க்குக் கற்பிக்கப்படும் தொழில்கள். இன்று ஒலியால் படித்துக்காட்டும் கணிப்பொறி வந்தபின், வங்கியிலும் அலுவலகத்திலும் பலர் அமர்ந்துவிட்டனர். சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் 2015 இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பார்வையற்ற அதிகாரியானார். எனினும், எல்லாரும் அலுவலகம் செல்ல இயலாது. நம் கிராமத்தில், நம் தறிக்கூடத்தில் என்ன வேலை தரலாம் என்பதே நம் கேள்வி.

தறிவேலையைப் பகுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். சிட்டத்திலிருந்து நூலை இறக்குவதும், ராட்டையில் தார் சுற்றுவதும் பெரும்பாலும் விரலின் வேலைகள். இழை அறுந்தால் கண்ணுக்குமுன் விரல் அறியும். தார் பருத்ததைக் கைப்பிடியே சொல்லும். நிறம் மாறாதிருக்க, பெட்டிகளில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று அடையாளம் செதுக்கி வைத்தால் போதும். ஒரே நிறத் துண்டும் கால்மிதியும் நெய்வது பழக்கத்தால் வரும். பாவின்மேல் கையோட்டி இடைவெளியைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டும். புட்டாவும் பல நிற முந்தியும் வேண்டுமென்று பிடிவாதம் செய்வது எவர்க்கும் உதவியாகாது. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் கூலியையும் பிரித்தே கணக்கிடலாம். தார்க்கணக்கில் கூலி கொடுப்பது நமக்குப் புதிதன்று.

அரசாங்கம் தரும் உதவிகளைப் பெறுவதற்கு முதற்படி ஊனச் சான்று. சிறந்த கண்ணில், கண்ணாடி அணிந்த பின்னரும், பார்வை 3/60 க்குக் குறைந்தால் பார்வையின்மை என்கிறது சட்டம். நல்ல கண் உடையவர் 60 மீட்டரில் காண்பதை இவர் 3 மீட்டரில்கூடக் காண இயலாதவர் என்பது பொருள். 6/18 முதல் அந்த எல்லை வரை உள்ளோர் குறைபார்வையினர். ஒரு கண் மட்டுமே போனவர்க்கு 30 விழுக்காடுதான் கணக்கிடுகின்றனர். சலுகைகட்கு 40 விழுக்காடு வேண்டுமாதலால், அவர்கள் ஏமாற்றத்தோடு திரும்ப நேர்கிறது. இது கடுமையான விதி என்பதே எம் கருத்து. மற்றொரு கண்ணும் தளர்ந்திருந்தால் அதையும் சோதிக்கும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் இருக்கின்றன. வருவாய்த்துறை வழங்கும் மாத உதவித்தொகை 2023 சனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பெற்றது.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நம் சங்கச் செயலாளர்கள் ஒருமுறையேனும் படித்தல் நலம். அரசுப் பணியில் 4 விழுக்காடும், அதனுள் பார்வையற்றோர்க்கும் குறைபார்வையினர்க்கும் 1 விழுக்காடும் ஒதுக்கியது மட்டுமன்று. வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும், அரசு வழங்கும் விளைநிலத்திலும் 5 விழுக்காட்டை அது ஒதுக்குகின்றது. பிறரைப்போலவே சொத்து வைத்திருக்கவும் கடன் பெறவும் இவர்கட்குச் சட்டத் தகுதி உண்டென்றும் கூறுகின்றது.

இங்கேதான் நம் பொறுப்பு வருகின்றது. 1997 இல் மத்திய அரசு, ஊனமுற்றோர் சுயதொழில் தொடங்கக் குறைந்த வட்டியில் கடன் தரும் கழகம் ஒன்றை நிறுவிற்று. அதன் பணம் தமிழ்நாட்டில் வந்து சேரும் வாய்க்கால், தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியே. அங்கிருந்து மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும், நம் சங்கங்கட்கும் பாய்கின்றது. வாய்க்கால் நம் வீட்டு வாசலில் இருக்க, பயனாளி வெளியூர் வட்டிக்கடைக்குப் போவானேன்? "படிக்க இயலாதவர்; பத்திரத்தில் எப்படிக் கையொப்பம் வாங்குவது?" என்று ஒரு சங்கத்துக் கணக்கர் எம்மிடமே கேட்டார். எழுத்தறியாத உழவரிடம் இத்தனை காலம் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டோம். பத்திரத்தை இரு சாட்சிகள் முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டி, பெருவிரல் ரேகை பெற்றால் முடிந்தது. பார்வையற்றவர் என்பதற்காகக் கணக்கையோ, காசோலைப் புத்தகத்தையோ, கடனையோ மறுத்தலாகாதென ரிசர்வ் வங்கி 2008 ஆம் ஆண்டிலேயே வங்கிகட்கு அறிவுறுத்தியிருக்கிறது.

விண்ணப்பிக்க விரும்பும் அங்கத்தினர், பதினெட்டு வயது நிரம்பியவராகவும் 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனம் உடையவராகவும் இருத்தல் வேண்டும். ஊன அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவற்றுடன், வாங்க எண்ணும் ராட்டை, தறி, கறவை மாடு முதலியவற்றிற்கு விலைப்புள்ளியும் எடுத்துக்கொண்டு சங்கத்திற்குச் செல்லவேண்டும். தனியே வர இயலாதவரைச் சங்க ஊழியர் ஒருவர் வீட்டிற்கே சென்று பார்த்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பாராயின், இரண்டு பேருந்து மாறி வரும் ஒரு நாள் கூலி அவருக்கு மிஞ்சும்.