கேடயவாற் பாம்பு

பாம்பு என்றவுடன் படமெடுக்கும் நாகமே நம் நினைவுக்கு வருகிறது. கண்டவர் சிலரேயாய், கண்டவரும் பிழைபட அறிந்த பாம்பினம் ஒன்றை ஈண்டு நோக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மண்ணுக்குள் வாழும் இதன் குடும்பத்தை அறிவியலார் யூரோபெல்டிடே என்பர். கிரேக்கத்தில் ‘ஊரா’ என்பது வால். ‘பெல்டே’ என்பது சிறு கேடயம். ஆதலின் கேடயவாற் பாம்பு என நாம் அழைப்பது பொருந்தும்.

இக்குடும்பத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் அன்றி உலகில் வேறெங்கும் இவை இல்லை. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம் என்னும் ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில் மலைமலையாகத் திரிந்து இவற்றுட் பலவற்றை முதன்முதல் விவரித்தார். சில இனங்கள் ஓரிரு மலைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அம்மலையின் காடு அழியின் அவ்வினமும் அழியும்.

இதன் தலை கூரியது. கண்கள் மிகச் சிறியன. வாலோ கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் முடிந்து, சொரசொரப்பான செதில்களால் மூடப்பட்டிருக்கும். அதில் ஒட்டும் மண், வளைக்குள் செல்லும் பாம்பின் பின்னே அடைப்பாக நின்று காக்கிறது. மண்ணைத் துளைக்கும் வேலை உடலின் முன்பகுதிக்கே உரியது. முதுகெலும்பு தோலுக்குள்ளேயே வளைய, உடல் பருத்து வளைச்சுவரில் ஊன்றிக்கொள்ளும். பின்னர்த் தலை முன்னே செலுத்தப்படும். முன்பகுதித் தசைகள் களைப்பின்றி உழைக்கவல்ல செந்நிறத் தசைகள். இதனை 1978இல் ஆராய்ந்த கார்ல் கான்ஸ் முதலியோர், எஞ்சின் இழுக்கச் செல்லும் சரக்கு ரயிலோடு ஒப்பிட்டனர். நல்ல உவமைதான்!

மண்புழுவே இதன் முதன்மை உணவு. முட்டையிடாது குட்டி ஈனும். நஞ்சு அறவே இல்லை. கையில் எடுத்தாலும் கடிப்பது அரிது.

வால்பாறைப் பகுதியில் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மழை ஓய்ந்த காலை வேளையில் இதனை நாம் கண்டோம். மண்வெட்டியால் இரண்டாகத் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. “இருதலைப் பாம்பு ஐயா, இருமடங்கு நஞ்சு” என்றார் வெட்டிய முதியவர். மண்ணுளிப் பாம்பைப் பற்றி வழங்கும் பழங்கதையை இதன்மீதும் ஏற்றிவிட்டனர் போலும். மண் அப்பியிருந்த வாலைத் துடைத்துக் காட்டினோம். வாயும் இல்லை, கண்ணும் இல்லை. அவர் நெடுநேரம் உற்று நோக்கினார். “இது என்னதான் தின்னும்?” என்று கேட்டார். மண்புழு என்றோம். “அப்படியானால் அடுத்த முறை விட்டுவிடுகிறேன் ஐயா” என்றார்.