பழனிமலையின் பின்கட்டில் ஒரு புரட்சி!

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். அடுக்கடுக்காய் இறங்கும் பூண்டு வயல், நடுவே நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். அழகுதான்! ஆனால் அந்தப் படத்தில் விழாத மலையின் வடக்கு அடிவாரத்துக்கு வாருங்கள். கிழக்கிந்தியக் கும்பினியை விரட்ட ரகசியமாய்த் திட்டம் போட்ட இடம் அங்கேதான் இருக்கிறது!

மேலே இருக்கும் பூம்பாறையே அடைக்கலம் தேடி வந்தவர்களின் ஊர். இங்குள்ள குன்னுவர்கள் சண்டைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி, தாராபுரம், காங்கயம் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்று பழைய மதுரை மாவட்டக் குறிப்புகள் சொல்கின்றன. கீழே அந்த அடிவாரத்து விருப்பாச்சியிலோ, தஞ்சம் புகுந்தவர் சிவகங்கை ராணி! 1772-இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த வேலுநாச்சியாருக்கு விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் இடம் கொடுத்தார். ஹைதர் அலியின் உதவி கிடைத்ததும் அந்த நாட்களில்தான். 1780-இல் சிவகங்கை மீண்டது.

இருபது வருஷம் கழித்து அதே கோபால் நாயக்கர் மறுபடி கதவைத் திறக்கிறார். திண்டுக்கல் சீமை 1792 முதல் கும்பினி கையில். 1800 ஏப்ரல் 29-ஆம் தேதி கிளர்ச்சித் தலைவர்கள் விருப்பாச்சியில் கூடினார்கள். குறி, கோவைக் கோட்டை. நாள், ஜூன் 3. ஏன் அந்த நாள் தெரியுமா? அன்று மொகரம்! கும்பினிப் படையின் முஸ்லிம் சிப்பாய்கள் அன்று சடங்கில் இருப்பார்கள். பஞ்சாங்கம் பார்த்துப் போருக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனையையும் ஆவணங்களில் தோண்டி எடுத்து 1971-இல் நூலாக்கிய பேராசிரியர் கே. ராஜய்யனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

திட்டம் கசிந்துவிட்டது. பிடிபட்டவர்களில் 42 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

மலையை நம்பி எதிர்த்தவர்களுக்கு இந்தக் கதி இங்கே மட்டும் நேரவில்லை. 1941 ஏப்ரலில் ஜெர்மனியும் இத்தாலியும் யூகோஸ்லாவியாவைப் பிடித்த பிறகு, எதிர்த்துப் போரிட்ட டிட்டோவின் கெரில்லாக்களும் மலையைத்தான் நம்பினார்கள். உஜிட்சே என்ற ஊரைக் கைப்பற்றி, அங்கிருந்த தொழிற்சாலையில் துப்பாக்கியே செய்தார்கள்! கெரில்லாத் தாக்குதல்களுக்கு ஜெர்மானியர் வாங்கிய பழியும் பயங்கரம். அக்டோபரில் செர்பியாவின் கிராகுயேவாட்ஸ் நகரில் ஆயிரக்கணக்கான பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். மலையில் இருப்பவன் மேல் உள்ள ஆத்திரம் கையில் சிக்கியவன் கழுத்தில்தான் இறங்குகிறது, கோவையிலும் சரி, செர்பியாவிலும் சரி.

கோவைத் திட்டம் தோற்றும் கோபால் நாயக்கர் ஓயவில்லை. கர்னல் இன்னஸின் படை 1801-இல் விருப்பாச்சியைப் பிடித்தது. அந்த வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல்லில் கோபாலசமுத்திரம் குளம் அவர் பெயரைச் சொல்கிறது. அடுத்த மாதம் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் சிவகங்கையின் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்டார்கள்.

விருப்பாச்சியில் இப்போது கோபால் நாயக்கருக்கு அரசு கட்டிய மணிமண்டபம் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பழனி வழியாக இறங்கி ஒட்டன்சத்திரம் போகிற பாதையில்தான் ஊர். புவிசார் குறியீடு வாங்கிய விருப்பாச்சி மலை வாழைப்பழத்துக்காக எப்படியும் வண்டியை நிறுத்துவீர்கள். அப்படியே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வேலுநாச்சியாரை அறிந்த பிள்ளைகள், அவருக்கு இடம் கொடுத்தவரையும் அறியட்டும்.