வீடியோ கேம் வாழ்க்கைப் பாடம் ஆகுமா? பயிற்சியாளர் கையில்தான் பதில்

புது தில்லி: செல்போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகளைக் கண்டு கவலைப்படாத பெற்றோர் குறைவு. எனினும் அதே வீடியோ கேமைக் குழுவாக, பயிற்சியாளரின் மேற்பார்வையில் ஆடினால், மாணவர்களின் வாழ்க்கைத் திறன்களை வளர்க்க முடியும் என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது.

இதற்குச் சட்டமும் வழிவிட்டுள்ளது. 'இ-ஸ்போர்ட்ஸ்' எனப்படும் மின்னணு விளையாட்டுப் போட்டிகளை 2022 டிசம்பரில் மத்திய அரசு விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. அவற்றை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும், ரூ.1 கோடி வரை அபராதமும் விதிக்க வகை செய்தது. அதே சட்டம் மின்னணு விளையாட்டை முறையான போட்டியாக ஏற்று, பயிற்சி மையங்கள் அமைக்கவும் இடமளிக்கிறது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக நடைபெற்ற இவ்விளையாட்டில் குஜராத் வீரர் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2023-ல் ஹாங்சௌ நகரில் இது பதக்கப் போட்டியாகவே உயர்ந்தது.

ஐவர் அணி

அங்கு இடம்பெற்ற 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தில் ஓர் அணிக்கு 5 பேர். ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பு உண்டு. எதிரணியினரின் நகர்வைக் கண்டவர், அதை மற்ற நால்வருக்கும் ஓரிரு சொற்களில் உடனே தெரிவிக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு வீழ்ந்தால், அவர் களம் திரும்பும் வரை மற்றவர்கள் சமாளிக்க வேண்டும்.

முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், கருத்தைத் தெளிவாகக் கூறுதல், பிறர் நிலையை உணர்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் உள்ளிட்ட 10 வாழ்க்கைத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அவற்றில் பலவற்றுக்கு இந்த ஆட்டத்தில் வேலை உண்டு.

ஆனால் அவை தாமாக வந்துவிடுவதில்லை. கேட்பாரின்றி விட்டால், தோழனைத் திட்டுவதையும் தோல்விக்குப் பிறர்மேல் பழி போடுவதையுமே சிறுவர்கள் கற்கக்கூடும். இங்குதான் பயிற்சியாளர் தேவைப்படுகிறார்.

ஆட்டத்துக்கு முன் பொறுப்புகளைப் பிரித்துத் தருவதும், தலைமையைச் சுழற்சி முறையில் அளிப்பதும் அவர் பணி. ஆட்டம் முடிந்ததும் பதிவை ஓடவிட்டு, தவறு நேர்ந்த இடத்தில் நிறுத்தி, 'இந்த நொடியில் உனக்குத் தெரிந்தது என்ன? அதை யாரிடம் சொன்னாய்?' என்று அவர் கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்திலும் தேர்வு அறையிலும் அதே நிதானம் உதவும் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லை அவசியம்

ஆபத்தும் இல்லாமல் இல்லை. கட்டுப்பாடு இழந்து, படிப்பும் உறக்கமும் கெட்ட பின்னரும் ஆட்டத்தை விட முடியாத நிலையை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. 2022-ல் அது நடைமுறைக்கு வந்தது. எனவே நேர வரம்பும், வயதுக்கேற்ற ஆட்டத் தேர்வும் கட்டாயம்.

வாழ்க்கைத் திறன் கல்விக்கு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஏற்கெனவே ஆசிரியர் கையேடுகளை வெளியிட்டுள்ளது. கணினி அறை உள்ள பள்ளிகளில், அக் கல்வியை அளிக்கும் ஆசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இதில் பயிற்சி அளித்தால், வீட்டில் தனியே ஆடும் மாணவனைக் கண்காணிப்புள்ள அணிக்குள் கொண்டுவர இயலும்.